பத்தடிக் கார்: மினி பிறந்த கதை

1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், அதைத் தொடர்ந்து பிரிட்டனும் பிரான்சும் எகிப்தின் மீது படையெடுத்தன. எகிப்து கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்தது. வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போகவேண்டிய நிலை. டிசம்பர் 17 முதல் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் வரை கார் வைத்திருந்தவர்கள் கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெட்ரோல் பங்குக்குப் போனார்கள்.

பெட்ரோல் அருகியதும் ஜெர்மனியிலிருந்து வந்த பபிள் கார்களுக்கு மவுசு கூடியது. ஹெய்ங்கல், மெஸ்ஸர்ஷ்மிட், பிஎம்டபிள்யூவின் இசெட்டா என்று பல வகை. முட்டை வடிவ உடல், மோட்டார் சைக்கிள் எஞ்சின், இரண்டு பேருக்கு இடம். இசெட்டாவில் முன்முகமே கதவு; அதைத் திறந்துதான் உள்ளே ஏறவேண்டும். இவை பெட்ரோலை மிச்சப்படுத்தின என்பது உண்மை. ஆனால் ஒரு குடும்பம் ஏறிப் போகிற வண்டிகளாக இவை இல்லை.

பிரிட்டனின் அன்றைய மிகப் பெரிய கார் கம்பெனியான பிஎம்சி, ஆஸ்டினும் மாரிஸும் 1952-இல் இணைந்து உருவானது. அதன் தலைவர் லியோனார்ட் லார்டுக்கு பபிள் கார்களைக் கண்டாலே ஆகாது. அவற்றைத் தெருவிலிருந்து விரட்ட ஒரே வழி, நான்கு பேர் உட்காரக்கூடிய ஒழுங்கான சின்னக் கார் ஒன்றைச் செய்வது என்று அவர் முடிவு செய்தார். அந்த வேலையை அலெக் இசிகோனிஸிடம் ஒப்படைத்தார். நிபந்தனை ஒன்றுதான்: கம்பெனியிடம் ஏற்கனவே இருக்கும் எஞ்சினையே பயன்படுத்த வேண்டும். புது எஞ்சின் செய்ய நேரமும் இல்லை, பணமும் இல்லை.

அகதியாக வந்த பொறியாளர்

இசிகோனிஸ் 1906-இல் ஸ்மிர்னா நகரில் பிறந்தவர். இன்று அது துருக்கியின் இஸ்மீர். தந்தை கிரேக்க வம்சாவளி, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர், தாய் ஜெர்மானியர். கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில், 1922-இல், ஊரே பற்றி எரிவதற்குச் சற்று முன் பிரிட்டிஷ் கப்பலில் ஏறி மால்ட்டாவுக்குத் தப்பியது அந்தக் குடும்பம். மால்ட்டாவிலேயே தந்தை இறந்துபோனார். தாயும் மகனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். லண்டன் பேட்டர்சீ பாலிடெக்னிக்கில் படித்தபோது கணக்குத் தேர்வில் மூன்று முறை தவறினார். கணக்கு வராத அந்தக் கைக்கு ஓவியம் வந்தது. கையில் கிடைத்த தாளில் பென்சிலால் வரைந்தே ஒரு காரை முழுதாக யோசிக்கிற பழக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

1948-இல் வெளிவந்த மாரிஸ் மைனர் அவர் பெயர் சொல்லும் முதல் கார். 1956-இல் அவரிடம் கொடுக்கப்பட்ட குழு மிகச் சிறியது. பத்துப் பேர்கூட இல்லை. பென்சில் கோட்டை எஞ்சினியரிங் வரைபடமாக மாற்றித் தருவதில் ஜாக் டேனியல்ஸ் அவருக்கு வலக்கையாக இருந்தார்.

பத்தடிக்குள் நான்கு பேர்

காருக்குப் பத்தடி நீளம் என்று இசிகோனிஸ் முதலில் எல்லை வகுத்துக்கொண்டார். அதில் ஐந்தில் நான்கு பங்கு மனிதர்களுக்கும் அவர்கள் சாமான்களுக்கும். மிச்சம் ஒரு பங்கில் இயந்திரம் அடங்கியாக வேண்டும். இந்த வரிசை முக்கியமானது. அதுவரை கார் என்றால் எஞ்சினை முதலில் வைத்து, கியர்பாக்ஸைப் பின்னால் வைத்து, அங்கிருந்து நீளமான ஷாஃப்ட் ஒன்றைத் தரைக்கடியில் பின்சக்கரம் வரை ஓடவிட்டு, மீதிக் கிடைத்த இடத்தில் மனிதர்களை உட்காரவைப்பார்கள். இவர் மனிதர்களை முதலில் உட்காரவைத்தார்.

அப்படியானால் எஞ்சின் எங்கே போகும்? பிஎம்சியின் ஏ-சீரிஸ் எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. நீளவாக்கில் வைத்தால் இடத்தைத் தின்றுவிடும். இசிகோனிஸ் அதை அப்படியே திருப்பிக் குறுக்கே வைத்தார். முன்சக்கரங்களையே ஓட்டும் சக்கரங்களாக்கியதால் தரைக்கடியில் ஓடும் ஷாஃப்டும் அதை மறைக்கிற மேடும் தேவையற்றுப்போயின. எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தை ஓட்டிய கார்கள் முன்பும் இருந்தன; ஜெர்மனியின் டிகேடபிள்யூ, சுவீடனின் சாப் இரண்டும் அப்படிச் செய்தவை. ஆனால் அவற்றில் இருந்தவை சிறிய இரட்டை சிலிண்டர் எஞ்சின்கள். இவ்வளவு சின்னக் காரில் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே வைத்தால் இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் கியர்பாக்ஸுக்கு இடம் மிஞ்சாது.

அந்தச் சிக்கலுக்கு அவர் கண்ட விடை துணிச்சலானது. மனையில் இடமில்லாதவர் மாடி எடுப்பதுபோல, எஞ்சினை மேலே தூக்கிக் கியர்பாக்ஸை அதன் அடியில், எஞ்சின் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். முன்னால் ரேடியேட்டருக்கு இடம் இல்லை. அதை இடப்பக்கமாகத் திருப்பி வைத்து, சூடான காற்றைச் சக்கர வளைவு வழியே வெளியேற்றினார்.

முன்சக்கரம் ஓட்டவும் வேண்டும், ஸ்டியரிங்குக்குத் திரும்பவும் வேண்டும். இங்கேதான் பல பேர் தடுக்கி விழுந்திருந்தார்கள். சாதாரண யுனிவர்சல் ஜாயிண்டில் ஷாஃப்ட் கோணமாகத் திரும்பும்போது, ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தின் வேகம் இரண்டு முறை கூடிக் குறையும். வளைவில் ஸ்டியரிங் உதறும். மினியில் போட்டது வேறு வகை. கிண்ணம் போன்ற ஓர் உறைக்குள் வளைந்த பள்ளங்கள். அவற்றில் உருளும் ஆறு எஃகு உருண்டைகள். உருண்டைகளைப் பிடித்துவைக்க ஒரு கூண்டு. ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் திரும்பினாலும் உருண்டைகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் போய் நிற்கும். அதனால் சக்கரம் சீராகச் சுழலும். அல்ஃப்ரெட் ரெப்பா என்பவரின் பழைய கண்டுபிடிப்பு இது. குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் லட்சக்கணக்கான கார்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மினி. இன்று நம் தெருவில் ஓடும் முன்சக்கர இயக்கக் கார்களில் மெக்கானிக்குகள் ‘சிவி ஜாயிண்ட்’ என்று சொல்வது இந்த வகையைத்தான்.

சக்கரத்தையும் சுருக்கினார். மாரிஸ் மைனருக்கு 14 அங்குலச் சக்கரம். மினிக்கு 10 அங்குலம். அவ்வளவு சிறிய டயரை டன்லப் கம்பெனி இதற்கென்றே தயாரித்துத் தந்தது. சக்கரம் சின்னதானதும் அதை மூடும் வளைவும் உள்ளே வந்து இடத்தை அடைக்கவில்லை. சஸ்பென்ஷனுக்குச் சுருள் கம்பியும் இல்லை, பட்டையும் இல்லை. அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர்க் கூம்புகள். இதற்கும் காரணம் இருந்தது. காரின் எடையே சுமார் 600 கிலோதான். நான்கு பெரியவர்கள் சாமானோடு ஏறினால் அதில் பாதிக்கும் மேல் பாரம் கூடிவிடும். மெத்தென்ற எஃகு ஸ்பிரிங் அந்தப் பாரத்தில் தரையைத் தொடும். ரப்பரோ அமுக்க அமுக்க இறுகும். சும்மா போனாலும் நான்கு பேரோடு போனாலும் தாங்கும், அடைக்கும் இடமும் மிகக் கொஞ்சம்.

கதவுகளில் அவர் செய்ததைப் பார்த்தால் அவருடைய மனம் தெரியும். கண்ணாடியைக் கீழே இறக்கும் பொறியை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடி வைத்தார். பொறி போனதும் கதவு உள்ளே கூடாகிவிட்டது. அந்தக் கூட்டையே பை, பாட்டில், வரைபடம் வைக்கும் பெரிய பெட்டியாக்கினார். உட்காருபவரின் முழங்கைக்கும் இடம் கிடைத்தது. உள்ளிருந்து கதவைத் திறக்க ஒரு கயிறு. ரேடியோவுக்கு இடமே வைக்கவில்லை. சிகரெட்டை விடாமல் பிடிப்பவர் என்பதால் ஆஷ்ட்ரே மட்டும் இருந்தது.

ஐந்து நிமிட ஓட்டமும் மழைத் தண்ணீரும்

1957 அக்டோபரில் முதல் மாதிரி ஓடியது. 1958 ஜூலையில் லார்டு அதில் ஏறி லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையைச் சில நிமிடங்கள் சுற்றி வந்தார். இறங்கியதும், ஒரு வருடத்துக்குள் இது உற்பத்திக்கு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

மாதிரியில் இருந்த 948 சிசி எஞ்சின் அந்தச் சின்ன உடலுக்கு மிதமிஞ்சிய வேகத்தைக் கொடுத்தது. அதை 848 சிசியாகக் குறைத்தார்கள். 34 குதிரைசக்தி, மணிக்குச் சுமார் 115 கிலோமீட்டர். மாதிரிகளில் கார்புரேட்டர் முன்பக்கம் இருந்து, குளிர்காற்றில் உறைந்து தொல்லை கொடுத்தது. எஞ்சினை முன்பின்னாகத் திருப்பிக் கார்புரேட்டரை உள்பக்கம் கொண்டுபோனார்கள். அதனால் இன்னொரு வினை வந்தது. மின்பொறி பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் வந்துவிட, பலத்த மழையில் தண்ணீர் தெறித்து வண்டி நின்றது. தரைத்தகடுகளின் மடிப்பு தண்ணீரை உள்ளே வாங்குகிற திசையில் அமைந்திருந்ததால் ஆரம்பகாலக் கார்களில் கால்மிதி நனைந்தது. அவசரத்தில் பிறந்த காருக்கு அந்தக் குறைகளைச் சரிசெய்ய வாங்கியவர்கள் வீட்டு வாசலில்தான் நேரம் கிடைத்தது.

1959 ஆகஸ்ட் 26 அன்று கார் அறிமுகமானது. ஆஸ்டின் செவன் என்றும், மாரிஸ் மினி-மைனர் என்றும் இரண்டு பெயர்கள். லாங்பிரிட்ஜிலும் ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலியிலும் உற்பத்தி. வரியோடு விலை சுமார் 496 பவுண்டு. ஃபோர்டு கம்பெனி ஒரு மினியை வாங்கி, திருகு திருகாகக் கழற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த விலைக்கு விற்றால் பிஎம்சிக்கு நட்டம்தான் என்ற முடிவுக்கு வந்தது.

யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்தச் சாமானியக் குடும்பங்கள் முதலில் தயங்கின. லண்டனின் பிரபலங்கள் முந்திக்கொண்டார்கள். நடிகர் பீட்டர் செல்லர்ஸும் பீட்டில்ஸ் இசைக்குழுவினரும் மினியில் போக ஆரம்பித்ததும் நாடே திரும்பிப் பார்த்தது. பந்தயக் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பர், நான்கு மூலையிலும் சக்கரம் வைத்துத் தரையோடு ஒட்டி ஓடும் இந்தக் காருக்குள் ஒரு பந்தய வண்டி இருப்பதைக் கண்டுகொண்டார். 1961-இல் மினி கூப்பர் வந்தது. 1964, 1965, 1967 என மூன்று முறை மான்டே கார்லோ ராலியை மினி வென்றது. 1966-இலும் முதல் மூன்று இடங்களைப் பிடித்தது. முன்விளக்கு விதிக்குப் பொருந்தவில்லை என்று தகுதி நீக்கம் செய்யப்பட்டது.

அறிமுகமானதிலிருந்து 41 ஆண்டுகள் மினி அடிப்படை மாறாமல் ஓடியது. 53 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள். நூற்றாண்டின் சிறந்த காரைத் தேர்ந்தெடுக்க 1999-இல் நடந்த சர்வதேசத் தேர்வில் ஃபோர்டு மாடல் டி-க்கு அடுத்த இடம் மினிக்கு. 2000 அக்டோபர் 4 அன்று லாங்பிரிட்ஜில் கடைசி மினி வெளியே வந்தது.

இரண்டாவது பிறப்பு

1994-இல் மினியின் அப்போதைய உரிமையாளரான ரோவர் நிறுவனத்தை பிஎம்டபிள்யூ வாங்கியது. எந்தக் கார்களை விரட்ட மினி பிறந்ததோ, அவற்றில் ஒன்றைச் செய்த அதே கம்பெனி. பிஎம்டபிள்யூவின் அன்றைய தலைவர் பெர்ன்ட் பிஷெட்ஸ்ரீடர் இசிகோனிஸுக்குத் தாய்வழியில் உறவினர்.

புதிய மினி எப்படி இருக்கவேண்டும் என்பதில் இரண்டு கட்சிகள் உருவாயின. ரோவரின் வடிவமைப்பாளர்களில் ஒரு பிரிவினர், இசிகோனிஸ் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டார்கள்: இன்று மிகக் குறைந்த நீளத்தில் நான்கு பேரை எப்படி உட்காரவைப்பது? அதற்கு அவர்கள் செய்த மாதிரிதான் ஸ்பிரிச்சுவல். எஞ்சின் பின்பக்கம் தரைக்கடியில்; நீளம் சுமார் 3.1 மீட்டர். 1997 ஜெனிவா கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். உருவத்தில் அது பழைய மினியைப் போல இல்லை. மற்றக் கட்சி, மக்கள் நேசிக்கிற அந்த முகத்தையும் ஓட்டும் சுகத்தையும் காப்பாற்ற வேண்டும் என்றது. ஃபிராங்க் ஸ்டீபன்சன் வரைந்த அந்த வடிவம் வென்றது. 2000-இல் ரோவரைக் கைவிட்ட பிஎம்டபிள்யூ மினியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. 2001-இல் கௌலியில் புதிய மினி உற்பத்தி தொடங்கியது. நம் அம்பாசடரின் மூலவரான மாரிஸ் ஆக்ஸ்போர்டும் அந்தக் கௌலியில் பிறந்ததுதான்.

பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்

1959-இன் மினி நீளம் 3.05 மீட்டர், அகலம் 1.4 மீட்டர். 2001-இன் மினி நீளம் 3.63, அகலம் 1.69. எடை சுமார் 600 கிலோவிலிருந்து 1,100 கிலோவைத் தொட்டுவிட்டது. எஞ்சின் 848 சிசியிலிருந்து 1,600 சிசி. பழையதில் 34 குதிரைசக்தி. புதிய கூப்பரில் 115. சக்கரம் 10 அங்குலத்திலிருந்து 15 அங்குலம்.

இத்தனை கூடியும் உள்ளே கூடியது கொஞ்சம்தான். இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக நீளம் அதிகரித்த காரின் பின்சீட்டில் பெரியவர்கள் இருவர் முழங்காலை ஒடுக்கிக்கொண்டுதான் உட்காரவேண்டும். டிக்கி 150 லிட்டர். இரண்டு பெட்டி வைத்தால் நிரம்பிவிடும்.

அந்த நீளமெல்லாம் எங்கே போனது? பாதிக்கு நியாயமான பதில் உண்டு. பழைய மினியில் ஓட்டுபவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய தகடும் எஞ்சினும்தான். ஆரம்பத்தில் சீட் பெல்ட் கிடையாது. ஏர்பேக் 1996-இல்தான் வந்தது. புதியதில் மோதலை வாங்கி நசுங்கிக் கொடுக்கும் முன்பகுதி, பக்கத் தடுப்புகள், ஏர்பேகுகள், ஏபிஎஸ் பிரேக் எல்லாம் உண்டு. யூரோ என்கேப் மோதல் சோதனையில் 2002-இல் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஒரு விபத்தில் இந்த இரண்டில் எதில் இருக்க விரும்புவீர்கள் என்று கேட்டால் யோசிக்காமல் புதியதைச் சொல்லவேண்டும். அரை மீட்டரில் ஒரு பகுதி உயிருக்கான விலை. அதைக் குறைசொல்ல முடியாது. பின்பக்கம் போட்டிருக்கும் விலை உயர்ந்த சஸ்பென்ஷனால் வளைவுகளில் அது ஓடும் விதமும் பழைய மினியின் பெயரைக் காப்பாற்றுகிறது.

மீதிப் பாதி தோற்றத்துக்காகப் போனது. அகன்ற தோள், தடித்த கதவு, பெரிய சக்கரம், நடுவில் தட்டு அளவு ஸ்பீடோமீட்டர். பழைய மினியில் அந்த ஸ்பீடோமீட்டர் நடுவில் இருந்ததற்குக் காரணம் சிக்கனம்: இடப்பக்க, வலப்பக்க ஸ்டியரிங் இரண்டுக்கும் ஒரே டேஷ்போர்டு போதும். புதியதில் அது அலங்காரமாக மட்டும் நடுவில் இருக்கிறது.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் வைக்கும் இசிகோனிஸ் முறை உலகத்தில் நிலைக்கவில்லை. இத்தாலியில் ஃபியட் பொறியாளர் டான்டே ஜியகோசா, எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸை அதன் பக்கவாட்டிலேயே நிறுத்தி, இடம் வலம் இரண்டு ஷாஃப்டுகளையும் வெவ்வேறு நீளத்தில் செய்தார். 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவிலும், 1969-இல் ஃபியட் 128-லும் வந்த அந்த அமைப்புதான் உலகம் முழுக்கப் பரவியது. புதிய மினியிலும் அதுவே. வழிகாட்டிய பெருமை இசிகோனிஸுக்கு. வழியைச் சீராக்கிய பெருமை ஜியகோசாவுக்கு.

அந்த வழி நம் ஊருக்கும் வந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-ஐ நினைத்துப் பாருங்கள். குறுக்கே வைத்த சிறிய எஞ்சின், முன்சக்கர இயக்கம், 12 அங்குலச் சக்கரம், 3.3 மீட்டர் நீளத்துக்குள் ஒரு முழுக் குடும்பம். எஞ்சினை நீளவாக்கில் வைத்துப் பின்சக்கரத்தை ஓட்டிய அம்பாசடருக்குப் பிறகு, ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் எட்டியது இந்த அமைப்பால். 1959-இல் இசிகோனிஸ் தந்த விடையின் உண்மையான வாரிசு என்று நான் கருதுவது மாருதி 800 போன்ற கார்களைத்தான்.

மினி என்ற பெயர் வேறு பக்கம் போய்விட்டது. 2013 முதல் செங்கல்பட்டுக்கு அருகில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் மினி கன்ட்ரிமேன் பாகங்களிலிருந்து பூட்டித் தயாரிக்கப்பட்டது. வாங்கியவர்கள் வசதி படைத்தவர்கள். இன்றைய கன்ட்ரிமேனின் நீளம் 4.4 மீட்டருக்கு மேல். அம்பாசடரைவிட நீளம்.

என் தீர்ப்பு இதுதான். ஓட்டிப்போகவும் குழந்தைகளை ஏற்றிப்போகவும் புதிய மினி எல்லா வகையிலும் மேலான வண்டி. யோசனையில் பழையது எட்டாத உயரத்தில் நிற்கிறது. அது பெட்ரோல் தட்டுப்பாட்டில், கைவசம் இருந்த எஞ்சினை வைத்து, மனிதர்களுக்கு முதலிடம் கொடுத்துப் பிறந்தது. புதியது ஒரு நல்ல நினைவை விற்கப் பிறந்தது.

நம் நகரங்களில் இன்று தெரு சுருங்கி, பார்க்கிங் இல்லாமல், பெட்ரோல் விலை ஏறிக் கிடக்கிறது. 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு 2006-இலேயே அரசு வரிச்சலுகை கொடுத்தது. ஆனால் அந்த 4 மீட்டரை எப்படிச் செலவிடுவது என்பதைத் தயாரிப்பவரும் வாங்குபவரும்தான் முடிவு செய்கிறார்கள். அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது பானட்டின் உயரத்தையும் சக்கரத்தின் அளவையும் பார்த்து மயங்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பாருங்கள். இந்தக் காரின் நீளத்தில் எங்களுக்கு எத்தனை அடி என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். ஐந்தில் நான்கு பங்கு என்று 1959-இலேயே ஒருவர் செய்துகாட்டியிருக்கிறார். அதற்குக் குறைவாக ஏற்றுக்கொள்ளும்போது காரணம் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.